தெளிந்த குடுவை மறுபடி கலங்கியது எப்படி? ஃபேஜிடமிருந்து பாக்டீரியா தப்பிக்கும் வழிகள்

கேள்வி (வாசகர் ஒருவர்), ஜூன் 2

ஃபேஜ் வைரஸ் ஒன்று பாக்டீரியாவுக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் நூறாகப் பெருகி வெளியே வருகிறது என்று படித்தேன். அந்த நூறும் அடுத்த நூறு செல்லுக்குள் போனால் ஒரே நாளில் பாக்டீரியா வம்சமே அழிந்திருக்க வேண்டுமே? கிரிஸ்பர் என்ற பாக்டீரியாவின் பாதுகாப்பு அமைப்புதான் காப்பாற்றுகிறது என்று முடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லுக்குள் எவ்வளவு பாதுகாப்பைத்தான் வைத்துக்கொள்ள முடியும்?

ஜூன் 2, இரவு 10:15

கிரிஸ்பர் மட்டும் இல்லை. பெரும்பாலான நேரம் முதலில் வந்து நிற்பதும் அது இல்லை. இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படிக்கும் காலத்தில் ஒரு குடுவையில் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவை வளர்த்தேன். குடுவைக்குப் பின்னால் பிடித்த எழுத்து தெரியாத அளவுக்குக் கலங்கியதும் லாம்டா ஃபேஜை விட்டேன். செல்லுக்குள் போய்ப் பதுங்கிக் கிடக்காமல் உடனே கொல்கிற திரிபு அது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. அப்புறம் திடீரென்று திரவம் மெலிந்தது. நூல் நூலாக ஏதோ சுழன்றது, வெடித்த செல்களின் கழிவு. கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று குலுக்கியை அணைக்காமல் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் குடுவை மறுபடி கலங்கியிருந்தது.

ஃபேஜ் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு துளியிலும் கோடிக்கணக்கில் அங்கேயே இருந்தது. அதன் நடுவிலேயே பாக்டீரியா சாவகாசமாக வளர்ந்து நின்றது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் குடுவைக்குள் இருக்கிறது.

ஜூன் 3, காலை 6:50

பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. நன்றாக வளர்ந்த குடுவையில் ஒரு மில்லிலிட்டருக்குள் பத்துக் கோடி, நூறு கோடி செல்கள் இருக்கும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏவில் எங்காவது ஒரு எழுத்து பிசகலாம். ஃபேஜ் கண்ட இடத்தில் ஒட்டுவதில்லை. செல்லின் மேல்தோலில் ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ சர்க்கரைச் சங்கிலியையோ தேடிப் பிடிக்கிறது. அந்தப் பிடிமானம் உடைந்து பிறந்த செல் அத்தனை கோடியில் ஒன்றிரண்டாவது இருக்கும். மற்றவை வெடித்த பிறகு உணவும் இடமும் அதற்கே.

இதில் முக்கியமான விஷயம், அந்த ஒன்றிரண்டு செல்லும் ஃபேஜ் வருவதற்கு முன்பே அப்படி இருந்தவை. ஃபேஜைப் பார்த்துப் பயந்து மாறியவை அல்ல. 1943-இல் சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் இதைக் காட்டிய விதம் எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. பல சின்னக் குழாய்களில் பாக்டீரியாவைத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றையும் ஃபேஜ் பூசிய தட்டில் ஊற்றினார்கள். ஃபேஜைத் தொட்ட பிறகுதான் எதிர்ப்பு வருகிறது என்றால் தப்பித்தவை எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். வந்ததோ தாறுமாறு. சில தட்டில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் நூறைத் தாண்டியது. குழாயில் வளரும்போது சீக்கிரமே பிசகு நேர்ந்திருந்தால் பெரிய குடும்பம், கடைசியில் நேர்ந்திருந்தால் ஓரிருவர். எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து அதை நிரூபித்தார்கள்.

ஜூன் 3, மாலை 7:30

"பிடிமானம் உடைந்தால் செல்லுக்கு நஷ்டம் இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நஷ்டம் இருக்கிறது, அதை நிறத்தில் பார்க்கலாம்.

லாம்டா பிடித்து ஏறும் புரதத்தின் பெயர் லாம்பி. அது ஃபேஜுக்காக வைத்த கதவு அல்ல. மால்டோஸ் சர்க்கரையையும் அதன் நீளமான சங்கிலிகளையும் உள்ளே இழுக்க பாக்டீரியா வைத்திருக்கும் துளை. மால்டோஸ் போட்ட மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் சாதாரண ஈ. கோலை செக்கச்செவேலென்று வளரும். சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலம் விடுவதால் வரும் நிறம் அது. குடுவையில் தப்பித்தவற்றை ஒரு கம்பியால் தொட்டு அதே தட்டில் கீறினேன். வெளிறிய, நிறமே இல்லாத காலனிகள் (ஒரு செல்லிலிருந்து பெருகிய புள்ளிகள்) வந்தன. உயிர் பிழைத்திருக்கின்றன, ஆனால் மால்டோஸைத் தொடமுடியாது.

அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வைரஸிடமிருந்து தப்பிக்க ஒரு உயிர் என்ன விலை கொடுத்தது என்பது வெள்ளையாகக் கண்முன் இருந்தது.

ஜூன் 4, காலை 8:05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாக் காலனியும் வெளிறியதாக எழுதிவிட்டேன், பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது அப்படி இல்லை. சில சிவப்பாகவே இருந்தன. காரணம் இருக்கிறது. மால்டோஸ் ஜீன்களையெல்லாம் இயக்கும் மால்டி என்ற புரதம் போனால் துளையும் போகும், செரிக்கும் திறனும் போகும். அதனால் வெளிறிய நிறம். லாம்பியில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் என்றால் ஃபேஜின் பிடி நழுவும், மால்டோஸ் ஓரளவு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் சிவப்பு. தப்பிக்கும் வழி ஒரே வழியாக இருந்தாலும் கொடுக்கும் விலை ஒன்று அல்ல.

ஜூன் 4, இரவு 11:20

சரி, கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஃபேஜை என்ன செய்வது?

ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள். வெட்டு நொதி என்றே சொல்கிறேன். உள்ளே வரும் அந்நிய டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைக் கண்டால் அங்கே வெட்டும். ஈகோ ஆர்1 என்ற நொதிக்கு அந்தத் தொடர் ஜிஏஏடிடிசி. அதே தொடர் பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவிலும் நூற்றுக்கணக்கில் இருக்குமே, அதை ஏன் வெட்டவில்லை? கூடவே ஒரு துணை நொதி இருக்கிறது. சொந்த டிஎன்ஏவில் அந்தத் தொடர் வருமிடமெல்லாம் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழுவைப் பொட்டு போல வைத்துவிடும். பொட்டு இருந்தால் நம்மவர், இல்லையென்றால் வெட்டு. டிஎன்ஏ இரட்டிக்கும்போது புது இழையில் பொட்டு இருக்காது, ஆனால் பழைய இழையில் இருக்கும். ஒரு பக்கப் பொட்டே வெட்டைத் தடுக்கப் போதும், அதற்குள் துணை நொதி வந்து மறுபக்கமும் வைத்துவிடும்.

இது வெளிச்சத்துக்கு வந்தது ஒரு குழாய் உடைந்ததால். 1950-களின் தொடக்கத்தில் லூரியா ஒரு வினோதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வகை ஈ. கோலைக்குள் ஃபேஜ் போகிறது, செல் சாகிறது, ஆனால் வெளியே ஃபேஜையே காணோம். ஒரு நாள் சோதிக்க வைத்திருந்த ஈ. கோலை குழாய் உடைந்துபோக, பக்கத்தில் கிடைத்த ஷிகெல்லா பாக்டீரியாவை வைத்துச் சோதித்தார். தட்டு முழுக்க ஃபேஜ். காணாமல் போகவில்லை, ஈ. கோலையில்தான் வளரமுடியாமல் இருந்திருக்கிறது. 1952-இல் மேரி ஹியூமனும் அவரும் அதை எழுதினார்கள். பொட்டும் வெட்டும் என்று அதை விளக்கியவர் வெர்னர் ஆர்பர். ஹாமில்டன் ஸ்மித், டானியல் நாதன்ஸ் இருவரோடும் 1978-இல் நோபல் பெற்றார்.

இந்தப் பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது. வெட்டும் நொதிக்கு முன்னால் பொட்டு வைக்கும் நொதி முந்திவிட்டால் ஃபேஜ் டிஎன்ஏவே நம்மவர் ஆகிவிடும். பல ஆயிரத்தில் ஒரு முறை நடக்கும். நடந்துவிட்டால் அந்த ஒன்றின் பிள்ளைகள் எல்லாமே பொட்டோடு பிறக்கும், அதே வகைப் பாக்டீரியாவில் தடையே இல்லாமல் பரவும்.

ஜூன் 5, பகல் 1:10

ஃபேஜ் சும்மா இருக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்காது.

டி7 ஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிஎன்ஏ கிட்டத்தட்ட 40,000 எழுத்து. தற்செயலாக எழுதியிருந்தால் ஜிஏஏடிடிசி என்ற தொடர் 4,096 எழுத்துக்கு ஒரு முறை, அதாவது ஒன்பது பத்து இடத்தில் வந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில்கூட இல்லை. வெட்டுப்படும் சொல்லையே தன் மொழியிலிருந்து நீக்கிவிட்டது. போதாததற்கு டிஎன்ஏ போலவே உருவமும் மின்னூட்டமும் உள்ள ஒரு புரதத்தைச் செய்து, வேறொரு வகை வெட்டு நொதியை அதோடு ஒட்டவைத்து முடக்குகிறது.

டி4 இன்னும் ஆச்சரியம். படிப்படியாகச் சொன்னால்தான் அழகு தெரியும். வெட்டுக்குத் தப்ப, டிஎன்ஏவில் சைட்டோசின் எழுத்துக்குப் பதிலாக மாற்றியமைத்த சைட்டோசினையே பயன்படுத்துகிறது. பாக்டீரியா அந்த மாற்றிய எழுத்தையே தேடி வெட்டும் நொதியைக் கொண்டுவந்தது. ஃபேஜ் அந்த எழுத்தின் மேல் குளுக்கோஸை ஒட்டி மறைத்தது. சில பாக்டீரியாக்கள் குளுக்கோஸ் ஒட்டிய எழுத்தையே வெட்டும் நொதியைக் கொண்டுவந்தன. ஃபேஜ் தன் டிஎன்ஏவோடு ஒரு சிறு புரதத்தையும் சேர்த்து ஊசிபோல உள்ளே செலுத்தி அந்த நொதியை அடைத்தது.

மேலே சொன்ன லூரியாவின் காணாமல்போன ஃபேஜ் ஞாபகம் இருக்கிறதா? அது இந்த ஏணியின் நடுப்படி. அவர் வைத்திருந்த திரிபுப் பாக்டீரியாவில் வளர்ந்த ஃபேஜுக்கு குளுக்கோஸ் போர்வை கிடைக்கவில்லை. அதனால்தான் அடுத்த ஈ. கோலையில் வெட்டுப்பட்டது. ஆக அவர் பார்த்ததும் ஆர்பர் விளக்கியதும் ஒரே வழிமுறை அல்ல. இரண்டையும் நான் நேற்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், பிரித்துப் படியுங்கள்.

ஜூன் 6, இரவு 9:45

இப்போது கிரிஸ்பர். முன்பு வந்த ஃபேஜின் டிஎன்ஏ துண்டைச் சேமித்து வைத்து, அதே ஃபேஜ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டும் ஏற்பாடு. கேள்வி கேட்டவர் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

1987-இல் ஜப்பானில் யோஷிசுமி இஷினோவின் குழு ஈ. கோலையின் ஒரு ஜீனைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தது. என்னவென்று புரியவில்லை. ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ மொஹிகா உப்பளத்தில் வாழும் ஒரு நுண்ணுயிரில் அதே மாதிரியைக் கண்டு வருடக்கணக்கில் அதன் பின்னாலேயே போனார். திரும்பத் திரும்ப வரும் தொடரை விட, அவற்றுக்கு நடுவே ஒவ்வொன்றும் வேறாக இருக்கும் துண்டுகள்தான் விஷயம். அந்தத் துண்டுகள் ஃபேஜ் டிஎன்ஏவோடு ஒத்துப்போவதை 2005-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகச் சொன்னன.

நிரூபணம் 2007-இல் வந்தது, அதுவும் தயிர், பாலாடைக்கட்டிக்கு உறை தயாரிக்கும் நிறுவனமான டனிஸ்கோவின் ஆய்வகத்திலிருந்து. உறைப் பாக்டீரியாவை ஃபேஜ் அழித்தால் அவர்களுக்கு மொத்தத் தொட்டியும் வீண். ரொடால்ஃப் பாராங்கு, பிலிப் ஓர்வாத் குழு, ஃபேஜ் தாக்குதலில் தப்பித்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸைப் பார்த்தபோது அந்த வரிசையில் புதிதாகத் துண்டுகள் சேர்ந்திருந்தன. ஃபேஜிடமிருந்தே எடுத்தவை. துண்டை நீக்கினால் எதிர்ப்பு போனது, சேர்த்தால் வந்தது. ஃபேஜில் அந்த இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தப்பித்தது.

என்னைக் கட்டிப்போட்டது வேறு. புதுத் துண்டு வரிசையின் ஒரு முனையில்தான் சேர்கிறது. பழையது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த வரிசையைப் படித்தால் இந்தப் பாக்டீரியாவின் முன்னோர் எந்த ஃபேஜை எப்போது சந்தித்தார்கள் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லலாம். மூளை இல்லாத உயிர் தன் வம்சத்தின் நோய்க் குறிப்பைத் தானே எழுதி, பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுப் போகிறது.

ஜூன் 7, காலை 7:15

இதைப் படித்துவிட்டு "அப்போ உங்கள் குடுவையில் தப்பித்ததும் கிரிஸ்பரால்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஈ. கோலைக்கு கிரிஸ்பர் இருக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கும் வகையில் ஹெச்-என்எஸ் என்ற புரதம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. என் குடுவையில் நடந்தது வெறும் கதவு உடைப்பு. வெளிறிய காலனிகள் அதைத்தான் சொல்கின்றன.

எப்போது கதவு, எப்போது கிரிஸ்பர் என்பது சூழலையும் பொறுத்தது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவை வைத்து 2015-இல் செய்த சோதனையில், சத்து நிறைந்த ஊடகத்தில் ஃபேஜ் அதிகமாக மோதும்போது மேல்தோலை மாற்றியவை ஜெயித்தன. சத்துக் குறைந்து ஃபேஜும் குறைவாக மோதும்போது கிரிஸ்பர் வைத்திருந்தவை முந்தின. ஒவ்வொரு மோதலிலும் கிரிஸ்பர் வேலை செய்தாக வேண்டும், செலவு கூடிக்கொண்டே போகும். மேல்தோலை மாற்றியவை விலையை ஒரே தடவையில் கொடுத்துவிடுகின்றன.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மரபணுத் தொடர் படித்த பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 40 சதவீதத்திடம்தான் கிரிஸ்பர் உண்டு. வெட்டு நொதி 80 சதவீதத்துக்கு மேல்.

ஜூன் 8, இரவு 10:30

விடாமல் எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தக் குறிப்புதான். தற்கொலை.

சில ஈ. கோலையில் பிஆர்ஆர்சி என்றொரு நொதி உண்டு. கூடவே இருக்கும் ஒரு வெட்டு நொதியோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். டி4 உள்ளே வந்து அந்த வெட்டு நொதியை ஒரு சின்னப் புரதத்தால் முடக்கும். அந்த முடக்கமே பிஆர்ஆர்சியை எழுப்பிவிடுகிறது. எழுந்தவுடன் அது ஃபேஜைத் தொடுவதில்லை. சொந்த செல்லின் லைசின் டிஆர்என்ஏவை, அதாவது புரதம் கட்ட லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் மூலக்கூறை, வெட்டுகிறது. புரதத் தயாரிப்பு நின்றுபோகும், ஃபேஜும் தயாராகாது, செல்லும் சாகும். காவல்காரனை அடித்தால் வீட்டையே கொளுத்திவிடும் ஏற்பாடு.

டி4 இதற்கும் மருந்து வைத்திருக்கிறது. வெட்டுப்பட்ட டிஆர்என்ஏவைச் சரிசெய்து ஒட்ட இரண்டு நொதிகளைக் கொண்டுவருகிறது: பாலிநியூக்ளியோடைடு கைனேஸ், ஆர்என்ஏ லைகேஸ். ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். உறைபெட்டியில் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்களை எத்தனை முறை எடுத்திருப்பேன்! அவை இந்தச் சண்டைக்காக உருவானவை என்று தெரிந்த நாளில் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜூன் 9, காலை 6:30

தூங்கி எழுந்து யோசித்தபோது "தற்கொலை" என்ற சொல்லில் ஒரு தவறு இருப்பது தோன்றியது. அந்தச் செல் ஏற்கெனவே இழந்துவிட்டது. சும்மா இருந்தாலும் அரை மணி நேரத்தில் வெடிக்கத்தான் போகிறது. அது செய்வது சாவதல்ல, முன்கூட்டிச் செத்து அந்த நூறு ஃபேஜை வெளியே விடாமல் இருப்பது. பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் அதே செல்லின் பிள்ளைகளும் சகோதரிகளும், அதே ஜீன்கள். அவை பிழைக்கின்றன. தனியாக மிதக்கும் செல்லுக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு லாபமும் இல்லை.

எல்லாமே சாவில் முடிவதும் இல்லை. லிஸ்டீரியா பாக்டீரியாவில் காஸ்13 என்ற வகை கிரிஸ்பர், ஃபேஜின் ஆர்என்ஏவைக் கண்டதும் கண்ட ஆர்என்ஏவையெல்லாம் வெட்டத் தொடங்கும். செல் உறைந்து முடங்கிப்போகும், ஃபேஜும் முன்னேறாது. கிரிஸ்பர் ஒரு வழி, முடங்குவது இன்னொரு வழி என்று நான் மனதுக்குள் போட்டுவைத்திருந்த பிரிவு இங்கே உடைந்துவிட்டது.

ஜூன் 9, மதியம் 2:40

ஒரு சின்னச் செய்தி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா சுரக்கும் டானோரூபிசின், டாக்சோரூபிசின் இரண்டும் ஃபேஜின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொண்டு அதை வளரவிடாமல் செய்கின்றன என்று 2018-இல் காட்டினார்கள். நாம் அவற்றைப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறோம்.

ஜூன் 10, இரவு 11:05

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ஒரு செல்லுக்குள் எவ்வளவு வைக்க முடியும்?

பாதுகாப்பு ஜீன்கள் மரபணுவில் கூட்டம் கூட்டமாக, தீவுகள் போல உட்கார்ந்திருக்கின்றன. தெரிந்த ஒன்றின் பக்கத்தில் தெரியாதது இருந்தால் அதுவும் பாதுகாப்பாக இருக்கலாம் என்ற யோசனையில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோட்டம் சோரக்கின் குழு தேடியது. 2018-இல் ஒரே கட்டுரையில் பத்துப் புது அமைப்புகள். காவல் தெய்வங்களின் பெயர்களை வைத்தார்கள்: எகிப்தின் தோரிஸ், வாஜெத், ஜப்பானின் ஹச்சிமான், லித்துவேனியாவின் கபியா என்று. இதில் வாஜெத் மட்டும் ஃபேஜை அல்ல, பிளாஸ்மிடை (செல்லுக்குள் தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையத்தை) தடுப்பது. அதற்குப் பிறகு வந்தவற்றையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிட்டது.

ஆனால் ஒரு பாக்டீரியாவிடம் சராசரியாக ஐந்து அமைப்புதான். இங்கேதான் நான் நெடுநாள் தவறாக நினைத்திருந்தேன். ஐந்து குறைவு என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் இருக்கும் அதே இனத்துச் செல்லிடம் இருப்பது வேறு ஐந்து. அமைப்புகள் பிளாஸ்மிட் வழியாகவும் ஃபேஜ் வழியாகவுமே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன, தேவையில்லாதபோது தொலைகின்றன. எல்லாவற்றையும் ஒரே செல் சுமந்தால் செலவு தாங்காது. காவலே தன் டிஎன்ஏவைக் கடித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆக, பாதுகாப்பு ஒரு செல்லின் சொத்து அல்ல, கூட்டத்தின் சொத்து. எந்த ஃபேஜ் வந்தாலும் யாரோ ஒருவரிடம் அதற்கான பூட்டு இருக்கும். என் குடுவை மறுபடி கலங்கியதும் இப்படித்தான், மிக எளிய வடிவில்.

ஜூன் 11, மாலை 6:20

"நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா" என்ற கேள்விக்கு: உண்டு, நேரடியாக. சிபாஸ் என்ற பாக்டீரியா அமைப்பில் ஃபேஜை உணரும் நொதி ஒரு வளைய மூலக்கூறைச் செய்து அபாயம் அறிவிக்கும். நம் செல்களில் வைரஸ் டிஎன்ஏவை உணரும் சிகாஸ் நொதி அதே குடும்பம். வைரஸைத் தடுக்கும் வைப்பெரின், செல்லைத் துளையிட்டுக் கொல்லும் காஸ்டெர்மின் இரண்டும் பாக்டீரியாவிலும் கிடைத்துவிட்டன. காய்ச்சலில் படுக்கும்போது நம் உடம்பு செய்வதில் ஒரு பகுதி அங்கே தொடங்கியது.

ஜூன் 12, காலை 9:00

காலரா கிருமியின் கதையையும் விட மனமில்லை. விப்ரியோ காலரேவிடம் ஐசிபி1 என்ற ஃபேஜைத் தடுக்கும் ஒரு மரபுத் தீவு உண்டு. அந்த ஃபேஜ் தனக்கென்று ஒரு முழு கிரிஸ்பர் அமைப்பை வைத்துக்கொண்டு அந்தத் தீவை வெட்டுகிறது. 2013-இல் வெளிவந்தது. படித்த அன்று இரண்டு முறை திரும்பப் படித்தேன், யார் யாரை வெட்டுவது என்று உறுதிசெய்துகொள்ள.

ஜூன் 13, இரவு 10:10

கடைசியாக வந்த கேள்வி: "பாக்டீரியா இவ்வளவு சுலபமாகத் தப்பிக்கும் என்றால் ஃபேஜை மருந்தாகக் கொடுப்பது வீண்தானே?"

வெளிறிய காலனிகளை நினைத்துப் பாருங்கள். தப்பிக்கும் செல் ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலை என்ன என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடிந்தால்? யேல் பல்கலைக்கழகத்தில் பால் டர்னர், பெஞ்சமின் சான் குழு அப்படித்தான் தேடியது. சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆன்டிபயாடிக்கை வெளியே தள்ளும் பம்பின் வெளிமுனைப் புரதத்தையே பிடித்து ஏறும் ஒரு ஃபேஜ் கிடைத்தது. 2016-இல் எழுதினார்கள். ஃபேஜிடமிருந்து தப்பிக்கப் பாக்டீரியா பம்பை மாற்றினால் ஆன்டிபயாடிக் உள்ளேயே தங்கிவிடும், மருந்து மறுபடி வேலை செய்யும். மாற்றாவிட்டால் ஃபேஜ் பிடிக்கும். மகாதமனியில் வைத்த செயற்கைக் குழாயில் வருடக்கணக்கில் தொற்றோடு இருந்த ஒரு நோயாளிக்கு இந்த ஃபேஜையும் செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொற்று அடங்கியது.

அந்த ஃபேஜ் கிடைத்தது கனெக்டிகட்டில் உள்ள டாட்ஜ் குளத்துத் தண்ணீரில்.